கிட்டாருக்குக் கையால் ஒரு பித்தளைக் குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், என் வீட்டுத் திண்ணையில்தான் எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பித்தளைக் குதிரை செய்யும் வேலை நடக்கிறது. ஒரு பெஞ்ச் வைஸ், கை டிரில்லுக்கு ஒரு ஸ்டாண்டு, நான்கைந்து அரம், மரை (திருகாணி ஏறும் சுழல் பள்ளம்) வெட்டும் டேப் செட் ஒன்று. தேவாலயப் பாடகர் குழுப் பையன்கள், கல்யாண மேடையில் வாசிப்பவர்கள், மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் பிரிட்ஜ்னு சொல்றாங்க, நீங்க ஏன் குதிரைங்கிறீங்க?

வீணையிலும் வயலினிலும் கம்பியைத் தாங்கி நிற்கும் பாகத்துக்குத் தமிழில் குதிரை என்றுதான் பெயர். வீணைக் குதிரையின் தலையில் உலோகத் தகடு பதித்திருப்பார்கள். ஆகவே கம்பிக்குக் கீழே உலோகம் என்பது நமக்குப் பழைய சங்கதி. கிட்டார்க் குதிரையின்மேல் கம்பி நேராக உட்காரும் சிறு துண்டை ஆங்கிலத்தில் சேடில் என்கிறார்கள், அதாவது சேணம். பெயர் பொருந்தித்தான் வருகிறது. நான் சொல்லப்போகும் வகையில் சேணம் உருண்டையாக இருப்பதால் இங்கே உருளை என்றே எழுதுகிறேன்.

கடையில ரெடிமேடா கிடைக்குதே அண்ணே, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

உப்புக்காற்றுதான் முதல் காரணம். பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. அதைத் துருவிலிருந்து காக்க எத்தனை முறை சுரண்டி, எத்தனை முறை பெயிண்ட் அடித்தார்கள் என்பது இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் போட்டிருக்கிறார்கள், கடல் காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். ரயிலைத் தாங்கும் இரும்புக்கே அந்தக் கவனிப்பு வேண்டியிருக்கும்போது கிட்டாரில் இருக்கும் 3 மி.மீ திருகாணி எத்தனை நாள் தாங்கும்?

விலை குறைந்த குதிரைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே குரோம் பூசியவை. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே பொரிந்து கொப்புளம் கிளம்பும். அதைவிடக் கொடுமை, உயரம் சரிசெய்யும் குட்டித் திருகாணி துருப்பிடித்து இறுகிக்கொள்வது. ஆலன் கீ (அறுகோணச் சாவி) வைத்துத் திருப்பினால் தலை வழுக்கிவிடும். அப்புறம் அந்தக் கம்பியின் உயரம் உயரம்தான், மாற்ற முடியாது. மாற்றுத் திருகாணி தேடினால் பல குதிரைகளில் இஞ்ச் கணக்கு மரை இருக்கும், நம் ஊர்க் கடையில் அது கிடைக்காது.

இரண்டாவது காரணம் இதிலிருந்தே வருகிறது, எனக்கு இதுதான் பெரிது. நீங்களே செய்த குதிரையில் எந்தப் பாகம் கெட்டாலும் இந்தக் கரையிலேயே மாற்றிவிடலாம். படகு எஞ்சின் பார்க்கும் லேத் பட்டறை ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் உண்டு. சாதாரண எம்3 மரை (3 மி.மீ திருகாணிக்கானது), 8 மி.மீ பித்தளைக் கம்பி, ஒரு தகடு, ஒரு சதுரக் கட்டை. இதற்கு மேல் எதுவும் தேவைப்படாத குதிரையைத்தான் செய்யச் சொல்கிறேன்.

முதல் தடவை செய்றவங்களுக்கு எந்த மாதிரி நல்லது?

மூன்று உருளை மாதிரி. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் செய்த டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரில் வந்தது இதுதான்: மூன்று பித்தளை உருளைகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கம்பிகள். அடுத்து 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கம்பிக்கும் ஆறு தனிச் சேணம். கேட்க ஆறு மேல் என்று தோன்றும். ஆனால் ஆறு சேணம் வைத்தால், சேணத்தை முன்பின் நகர்த்தும் திருகாணியும் கம்பியும் ஒரே கோட்டில் மோதிக்கொள்ளும். அதைத் தவிர்க்கப் பெரும்பாலும் கம்பியைக் கிட்டாரின் முதுகிலிருந்து துளைத்துக் கொண்டுவர வேண்டும். மூன்று உருளையில் திருகாணி இரண்டு கம்பிகளுக்கு நடுவே போகிறது, மோதலே இல்லை. கையால் செய்பவருக்கு இது பெரிய நிம்மதி.

நெம்பிக் குலுக்கும் ட்ரெமோலோ குதிரையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம்.

பித்தளைதானா? அலுமினியம், எவர்சில்வர் எல்லாம் ஆகாதா?

எல்லாம் ஆகும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலை வாங்கும். எவர்சில்வரில் 316 ரகம் உப்பைத் தாங்குவதில் 304-ஐவிட மேல், ஏனென்றால் அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. ஆனால் கை டிரில்லில் துளைப்பதும், அதில் எம்3 டேப் போடுவதும் புதியவருக்குப் பெரும் பாடு. டேப் உள்ளேயே முறிந்தால் அந்தத் துண்டு வீண். அலுமினியம் இலகு, வெட்ட எளிது. ஆனால் அதில் எவர்சில்வர்த் திருகாணியைப் போட்டு உப்பு ஈரத்தில் வைத்தால், இரண்டும் சேரும் இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரிக்கும்.

பித்தளை நடுவில் நிற்கிறது. கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் இரும்பைப் போல உதிராது. அரத்துக்குச் சொன்னபடி கேட்கும். அதனால் உடம்பு பித்தளை, திருகாணி மட்டும் எவர்சில்வர். முலாம் பூசிய இரும்புத் திருகாணி வேண்டவே வேண்டாம், ஒரு வாடைக்காற்றுப் பருவம் தாங்காது.

லேத்தில் நன்றாக வெட்டுப்படும் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ந்திருக்கும். தூளை ஊதாதீர்கள், சமையலறைப் பக்கம் அராவாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் தவழும் வீடென்றால் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

பழைய படகு புரொப்பெல்லர் துண்டுல செய்யலாமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், எங்கள் ஊரில் மட்டும்தான் இது இத்தனை இயல்பாக வரும். வெண்கலம் என்று சொல்லப்படும் பல புரொப்பெல்லர்கள் உண்மையில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இனம்தான், கடல்நீருக்கென்றே மாங்கனீசு முதலியவை சேர்த்து வார்த்தது. பொருள் அருமையானது. ஆனால் வார்ப்பில் உள்ளே குமிழி இருக்கலாம், உருளையாகக் கடைய லேத் வேண்டும். தெரிந்தவர் கடைந்து கொடுத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஒன்று மட்டும்: யாருடைய படகிலிருந்து வந்தது என்று தெரியாத துண்டை வாங்காதீர்கள். புரொப்பெல்லர் திருட்டுப் போனால் ஒரு குடும்பத்தின் கடலுக்குப் போகும் நாட்கள் போகின்றன.

அளவு எல்லாம் சொல்லுங்க.

நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் கிட்டாரை அளந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடித்தகடு 80 மி.மீ அகலம், 45 மி.மீ நீளம், 2 மி.மீ தடிமன். பின்விளிம்பில் 10 மி.மீ சதுரப் பித்தளைக் கட்டை, நீளம் 80. தகட்டையே மடித்துப் பின்சுவர் எழுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லேத்துக்கான பித்தளை மடித்தால் விரிசல் விடும். அதனால் தனிக் கட்டையாக வைத்துக் கீழிருந்து நான்கு எம்3 திருகாணியால் பிடிக்கிறேன். தலை தகட்டுக்குள் அமிழும் வகைத் திருகாணி, 2 மி.மீ தகட்டில் அது சரியாக அடங்கும்.

கம்பிக்குக் கம்பி 10.8 மி.மீ, மெல்லிய முதல் கம்பியிலிருந்து தடித்த ஆறாம் கம்பிவரை 54 மி.மீ. பின்கட்டையில் கம்பித் துளைகள் ஆறு, விட்டம் 2.5, தகட்டிலிருந்து 3 மி.மீ உயரத்தில். துளை தாழ இருந்தால் கம்பி உருளைமேல் நன்றாக மடிந்து அழுத்தும். கட்டையை முன்னுக்குச் சாய்க்கும் இழுப்பும் குறையும். பத்தாம் நம்பர் செட்டில் (முதல் கம்பி 0.010 இஞ்ச் தடிமன்) ஆறு கம்பியும் சுருதி ஏற்றினால் மொத்த இழுப்பு ஏறக்குறைய 45 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையை விடக் கொஞ்சம்தான் குறைவு, அதை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உருளை: 8 மி.மீ பித்தளைக் கம்பியில் 21 மி.மீ நீளத் துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்கே எம்3 மரை, அதில்தான் முன்பின் நகர்த்தும் திருகாணி வரும். இரு முனையிலிருந்தும் 2.5 மி.மீ தள்ளி மேலிருந்து கீழாக எம்3 மரை, அவற்றில் உயரத்துக்கான தலையில்லாத் திருகாணி, 10 மி.மீ நீளம். அதற்குமேல் நீளம் போனால் உள்ளங்கையைக் குத்தும். நகர்த்தும் திருகாணிக்குப் பின்கட்டையில் 5.5 மி.மீ உயரத்தில் 3.2 மி.மீ துளை, இதற்கு மரை வேண்டாம். கட்டைக்கும் உருளைக்கும் நடுவே இந்தத் திருகாணியில் மாட்டும் ஸ்பிரிங்குக்குப் பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிச் சோதிக்கலாம், ஆனால் அது துருப்பிடிக்கும். கடைசியில் எவர்சில்வர் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள்.

உருளை தகட்டில் படுத்திருக்கும்போதே அதன் உச்சி கிட்டாரின் மேற்பரப்பிலிருந்து 10 மி.மீ உயரத்தில் இருக்கும். உங்கள் கிட்டாரில் இப்போது கம்பி அங்கே எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். 10-க்கும் கீழே என்றால் உருளைக்கு 6 மி.மீ பித்தளைக் கம்பி எடுக்க வேண்டும். மொத்தமும் சேர்ந்து 160 கிராம் அளவில் வரும்.

லேத் பட்டறையில போய் எப்படிச் சொல்றது?

தாளில் வரைந்து, எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பேச்சு நூல் கணக்கில்தான் போகும். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பாகம், 3.175 மி.மீ. கதவுக்கும் படகுப் பலகைக்கும் அது போதும். நமக்கு அரை நூல் தவறினால் கம்பி ஃபிங்கர்போர்டின் (கழுத்தில் விரல் வைக்கும் பலகையின்) ஓரத்திலிருந்து நழுவும். "அண்ணாச்சி, வெர்னியர்ல பார்த்து வெட்டுங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள், யாரும் கோபிப்பதில்லை. உருளைகளை மட்டும் அங்கே வெட்டி வாங்கி, துளைகளை வீட்டில் போடுவது என் வழக்கம்.

துளை போடும்போது டிரில் பிட் இழுத்துக்கிட்டு போகுது, என்ன பண்றது?

பித்தளை பிட்டைக் கவ்வி இழுக்கும். புது பிட்டின் வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் லேசாக ஒரு தடவை தேய்த்து அதன் கூர்க் கோணத்தை மழுக்குங்கள், கவ்வல் நிற்கும். எண்ணெய் தேவையில்லை, உலர்வாகவே துளைக்கலாம். துளை இடத்தில் சிறு குழி போடும் சென்டர் பஞ்ச் அடிக்காமல் தொடங்காதீர்கள். எம்3 மரைக்கு 2.5 மி.மீ துளை. டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போட்டால் தூள் முறிந்து வெளியே வரும்.

பின்கட்டையைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளின் இடத்தை முன்கூட்டியே குறியுங்கள். என் முதல் குதிரையில் கம்பித் துளைகளை முடித்தபிறகு கீழ்த் துளையைக் கண்ணளவில் போட்டேன், அது நேராக மூன்றாம் கம்பித் துளைக்குள் போய்த் திறந்தது. இரண்டு நாள் வேலை போயிற்று. இரண்டு உருளைகள் சந்திக்கும் இடங்களுக்கு நேர் பின்னால் இரண்டு, இரு கோடிகளில் இரண்டு என்று வைத்தால் எதுவும் எதையும் தொடாது.

கிட்டார்ல எந்த இடத்துல பொருத்துறது?

இதில்தான் அவசரம் கூடாது. மற்றப் பல தவறுகளை அரத்தால் திருத்தலாம், மரத்தில் தவறான இடத்தில் போட்ட துளையை எளிதில் திருத்த முடியாது.

தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்வரை (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) அளங்கள். அதை இரட்டித்தால் வருவதுதான் கம்பியின் கணக்கு நீளம். ஃபெண்டர் மாதிரிகளில் 324 வரும், இரட்டித்தால் 648. கிட்டார் பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அளந்ததை மட்டும் நம்புங்கள். முதல் கம்பியின் உருளையை முன்பக்கம் 2 மி.மீ மட்டும் இடம் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் அதன் உச்சி 648-இல் வருமாறு தகட்டை வையுங்கள். இனி எல்லாச் சரிசெய்தலும் பின்னோக்கித்தான் போகும், அதற்கு 8 முதல் 10 மி.மீ பாதை பின்னால் இருக்க வேண்டும்.

நேர்க்கோட்டுக்குத் தங்கூசி போதும், தூண்டிலுக்குக் கட்டும் அதே நரம்பு. முதல் கம்பி, ஆறாம் கம்பி இரண்டின் பள்ளத்திலும் நட்டிலிருந்து இழுத்துக் குதிரையில் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு தங்கூசிக்கும் பலகை ஓரத்துக்கும் உள்ள இடைவெளி சமமாக வரும்வரை தகட்டை நகர்த்துங்கள். வந்ததும் டேப்பால் ஒட்டி, மறுபடி அளந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மூன்றாம் முறை அளந்த பிறகு குறியுங்கள். 3.5 மி.மீ மரத் திருகாணிக்கு 2.5 மி.மீ துளை போட்டு, திருகாணியின் மரையில் சோப்பைத் தேய்த்து ஏற்றுங்கள். பழைய துளைகள் குறுக்கே வந்தால் கடினமான மரக் குச்சியைப் பசையோடு அடித்து மூடி, ஒரு நாள் காயவிட்டுத் துளையுங்கள்.

சுருதி 12-வது ஃப்ரெட்ல விலகுது. குதிரை தப்பா?

முதலில் புதுக் கம்பி போடுங்கள். துருவேறிய கம்பி எந்தக் குதிரையிலும் சேராது.

கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, ஆகவே சுருதி ஏறுகிறது. விறைப்பான கம்பிக்கு ஏற்றம் கூடுதல். அதை ஈடுகட்டத்தான் கம்பியின் நீளத்தைக் கூட்டுகிறோம். திறந்த கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி ட்யூனரில் பாருங்கள். ஏறியிருந்தால் உருளையைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். முடிவில் முதல் கம்பி கணக்கு நீளத்தைவிட 1 முதல் 2 மி.மீ பின்னாலும், ஆறாம் கம்பி 4, 5 மி.மீ பின்னாலும் நிற்பது வழக்கம்.

ஒரே உருளைமேல் இரண்டு கம்பி என்பதால் இரண்டும் முழுதாகச் சேராது. இதற்கு வழி உண்டு: நடுவிலுள்ள குறுக்கு மரையை நேராகப் போடாமல் 6, 7 டிகிரி சாய்த்துப் போட்டால் உருளையே சாய்ந்து நிற்கும். ஓரத்து இரண்டு உருளைகளில் தடித்த கம்பிப் பக்கம் பின்னே போக வேண்டும். நடு உருளையில் தலைகீழ். மூன்றாம் கம்பி சுற்றில்லாத வெறும் கம்பி என்பதால், சுற்றுக்கம்பியான நான்காவதைவிட அதற்குத்தான் அதிக ஈடு வேண்டும். இதைக் கவனிக்காமல் மூன்றையும் ஒரே பக்கம் சாய்த்து, பிறகு மூன்றாம் கம்பியோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பித்தளை போட்டா சத்தம் மாறுமா?

தளர்வாக ஆடிக்கொண்டிருந்த குதிரையைக் கழற்றி இறுக்கமான ஒன்றைப் பொருத்தினால் கம்பி நின்று ஒலிப்பது தெளிவாகத் தெரியும். அது உலோகத்தின் பெருமை என்பதைவிடப் பொருத்தத்தின் பெருமை. இறுக்கம் சமமாக இருந்தால் பித்தளைக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறிது என்பதுதான் என் காதின் தீர்ப்பு. டெலிகாஸ்டர்க்காரர்கள் மட்டும் கவனிக்கவும்: அதில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தகட்டுக்குள்ளேயே தொங்குகிறது. எஃகுத் தகடு பிக்கப்பின் காந்தப்புலத்தில் பங்கெடுக்கிறது, பித்தளை அப்படிச் செய்யாது. தகட்டை மாற்றினால் அந்தப் பிக்கப்பின் குரலும் கொஞ்சம் மாறும்.

கம்பில கை வச்சா உறுமல் நிக்குது, எடுத்தா வருது. இல்ல, நிக்கவே மாட்டேங்குது.

முதலாவது இயல்பு. இரண்டாவது என்றால் குதிரைக்குக் கிரவுண்ட் ஒயர் சேரவில்லை. பழைய குதிரைக்கு அடியில் ஒரு ஒயர் வந்திருக்கும், அதன் நுனியைச் சுரண்டித் தகட்டுக்கடியில் படும்படி வைத்து இறுக்குங்கள். தகட்டின் அடியில் வார்னிஷ் பூசியிருந்தால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். மல்டிமீட்டரில் கம்பிக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் இடையே பீப் கேட்க வேண்டும்.

பனைமரம், சங்கு, பவளம் இதிலெல்லாம் செய்ய முடியுமா?

வைரம் பாய்ந்த பனையின் கறுப்பு நார்ப்பகுதி கடினமானது, ஆனால் நார் வழியே பிளக்கும். 45 கிலோ இழுப்பைத் திருகாணியில் தாங்கும் வேலைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே குடைவான ஜாஸ் கிட்டாரில் கம்பி அழுத்தத்திலேயே நிற்கும் மரக் குதிரைக்குச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கும் எனக்குப் பூவரசுதான் மேல் என்று படுகிறது. சங்கைச் சின்னத் துண்டாக அழகுக்குப் பதிக்கலாம், கம்பிக்குக் கீழே வைத்தால் விளிம்பு உதிரும். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுங்கள், தூள் நெஞ்சுக்கு ஆகாது. பவளம் கூடாது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர், கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் மீன்வளம் அந்தப் பாறைகளை நம்பித்தான் இருக்கிறது.

பச்சை பூத்துடுச்சு. எப்படித் துடைக்கிறது?

குதிரையைக் கழற்றி, குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளி போட்டுத் தேயுங்கள். கிட்டார்மேல் வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. அலசுவது நல்ல தண்ணீரில் மட்டும், எங்கள் தெருக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் வேலை வீண். வெயிலில் நன்றாகக் காயவைத்து, திருகாணி மரைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். தினசரி வேலை இதைவிட எளிது: வாசித்து முடித்ததும் உலர்ந்த பனியன் துணியால் கம்பியையும் உருளையையும் துடைப்பது, மாதம் ஒருமுறை எல்லாத் திருகாணியையும் கால் சுற்று திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது. அசைந்துகொண்டே இருக்கும் மரை இறுகுவதில்லை.

முதல் கம்பி வாரத்துக்கு ஒண்ணு அறுந்துபோகுது.

அறுந்த இடத்தைப் பாருங்கள். கம்பி நுனியில் குண்டு இருக்கும் பக்கம் அறுந்திருந்தால் பின்கட்டைத் துளையின் வாயில் பிசிர் இருக்கிறது. பெரிய பிட் ஒன்றைக் கையாலேயே துளைவாயில் இரண்டு சுற்று சுற்றுங்கள், பிறகு உப்புத்தாளை நூல் போலத் திரித்து உள்ளே விட்டு இழுங்கள். உருளைமேல் அறுந்திருந்தால் பள்ளம் கூராக இருக்கிறது. ஊசி அரத்தால் பின்பக்கம் சரிந்து இறங்கும்படி உருட்டி, 1000-ஆம் நம்பர் தாளால் மெருகிடுங்கள். பள்ளத்தின் ஆழம் கம்பித் தடிமனில் பாதிக்கு மேல் போக வேண்டாம்.